மரச்சீனிப் பைக்குள் ஒரு கல்யாணம்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. லேப்டாப்பில் எப்போதும் இடமிருக்காது. தீப்பெட்டி அளவு எஸ்.எஸ்.டி. டிரைவ் ஒன்றைச் செருகி அதிலேயே வேலையை முடிப்பேன். இன்னொரு பிரதி எடுக்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன், நினைப்பதோடு சரி.

சர்ச்சில் விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையன்று அதில் எங்கள் சபைப் பெண் ஒருத்தியின் கல்யாணம் இருந்தது. அவளை வாழ்த்தி அதில் பேசியிருந்த அவள் அப்பா, அடுத்த மாதமே தவறிவிட்டார். கேமரா கார்டுகளையோ நான் அழித்தாயிற்று. மறுநாள் அவள் துபாய்க்குக் கிளம்புகிறாள். ஆராதனை முடிந்ததும் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

பட்டு வேட்டியில் பாக்கெட் ஏது? எஸ்.எஸ்.டி.யை மனைவியின் துணிப்பைக்குள் போட்டுவிட்டு, அவளிடம் சொல்ல மறந்தேன். பையில் காணிக்கைக்கான மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. அவள் பையோடு பீடத்தின் முன் வைத்துவிட்டாள். ஆராதனை முடிந்து முற்றத்தில் நடந்த ஏலத்தில் அந்தப் பையைத் தூக்கிக் காட்டியபோதுதான் எனக்கு எஸ்.எஸ்.டி. ஞாபகம் வந்தது.

எங்கள் சபையில் படைத்ததை ஏலத்தில்தான் எடுக்க வேண்டும், சொந்த வீட்டுக் கோழியானாலும். வாய்விட்டுச் சொல்லலாமென்றால் முன்வரிசையில் அந்தப் பெண் நிற்கிறாள். வேறு வழியில்லாமல் ஏலம் கேட்டேன். எதிரே என் மைத்துனர், மச்சானைச் சீண்டும் குஷியில், விலையை ஏற்றிக்கொண்டே போனார். பாழாய்ப்போன மனிதர்! கூட்டம் கைதட்டியது. வெறும் கிழங்குக்கு இப்படியொரு மல்லுக்கட்டா என்று போதகர்கூடச் சிரித்தார்.

என் மனைவிக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. அண்ணனிடம் போய்ச் சொன்னாள்: "இவரு மரச்சீனி தொடவே மாட்டாராக்கும். என்னமோ உண்டு. விடுங்க."

மைத்துனர் அடங்கினார். பை என் கைக்கு வந்தது. எடுத்ததை மறுபடி ஏலத்துக்கே விடுவதும் எங்கள் வழக்கம் என்பதால், ஏலக்காரர் அப்போதே கையை நீட்டினார். பையில் கிழங்கு மண்ணுக்குள் துழாவி எஸ்.எஸ்.டி.யை எடுத்துக்கொண்டு கிழங்கைக் கொடுத்தேன்.

அந்தப் பெண் பக்கத்தில் வந்திருந்தாள். அது என்ன என்று கேட்டாள்.

"உனக்க அப்பா இதுக்குள்ளதான் உண்டு, மக்கா."

நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வாங்கி, ஒட்டியிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். கண் நிறைந்திருந்தது, சிரிப்பும் வந்தது.

"அப்பாக்கு மரச்சீனின்னா உயிரு, அண்ணே" என்றாள்.