நான் கொடுக்காத சாவி

சென்ற தவக்காலம் முழுவதும் ஆண்டவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் பயத்தை எடுத்துவிடும். எதையும் நம்ப முடியாத இந்தச் சந்தேக புத்தியை எடுத்துவிடும்.

குழந்தை பிறந்தபின் ஐந்து மாதம் சேலத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். அதன்பின் நாமக்கல்லுக்கு வெளியே இருக்கும் எங்கள் லைன் வீட்டுக்குத் திரும்பினேன். காலை எட்டரைக்கு மேல் அந்த வரிசையில் நானும் குழந்தையும்தான் இருப்போம். எல்லோரும் கோழிப்பண்ணைக்கும் மில்லுக்கும் போய்விடுவார்கள். பால்காரரிடம் "அரை லிட்டருங்க" என்று சொல்வதோடு அன்றைய என் பேச்சு முடிந்துவிடும். பிறகு பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேஸை மூடினேனா? மூடியிருந்தது. மறுபடி போய்ப் பார்ப்பேன். குழந்தை மூச்சு விடுகிறதா? மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். தூங்குகிற பிள்ளையை எழுப்பி அழவைத்துவிட்டு நானும் சேர்ந்து அழுவேன். நான் பி.எஸ்சி. படித்தவள். இது சரியில்லை என்று எனக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

பக்கத்து வீட்டுச் சரசக்கா ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது நான் வாசல் பூட்டை இழுத்துப் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"ஏம்மிணி, நாலாவது தடவையா இழுக்கறே? பூட்டு கையோட வந்துறப் போவுது!"

நானும் சிரித்தேன். அவர் தலை மறைந்ததும் ஐந்தாவது தடவை இழுத்தேன்.

என் கணவர் அந்தோணி கோழித் தீவன மில்லில் ஃபிட்டர். மக்காச்சோளத்தையும் சோயாவையும் கலக்கும் மிக்ஸர் அங்கே ஒரு சின்ன அறை அளவுக்கு இரும்புத் தொட்டியாக இருக்கும். அதற்குள் இரும்புத் தகடுகள் சுற்றும். தகடு தேய்ந்தாலோ போல்ட் தளர்ந்தாலோ ஆள் உள்ளே இறங்கித்தான் சரிசெய்ய வேண்டும். இது தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்தது.

போன வருடம் மில்லில் ஃபிட்டர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு கொடுத்தார்கள். மெஷினில் கைவைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டோடு அவரவர் பெயரும் போட்டோவும் உள்ள அட்டை தொங்கும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். என் கணவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ கைப்பிடியில் மாட்டிக் காட்டினார்.

"என்ர பூட்டு தொங்குச்சுன்னா நான் உள்ள இருக்கறேன்னு அர்த்தம் ஸ்டெல்லா. எவனும் சுவிட்சப் போட முடியாது. இனியாவது நிம்மதியா இரு."

ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி இருந்தது. இரண்டாவதை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். யாரும் ஒப்படைக்கவில்லை. சாவி தொலைந்தால் எல்லோர் முன்னாலும் பூட்டை வெட்டுவார்கள், காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும், அது பெரிய அவமானம். அதனால் ஃபிட்டர்கள் எல்லோரும் இரண்டாவது சாவியை மனைவிமாரிடம் கொடுத்துவைத்தார்கள். பூட்டைப் போட்டவர் மறந்து வெளியே போய்விட்டால் மில்லிலிருந்து ஒருவர் வண்டியில் வந்து வீட்டில் சாவி வாங்கிப் போவது வழக்கமாகிவிட்டது. நானே இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தேன்.

தவக்காலத்தின் ஐந்தாம் வாரம், செவ்வாய்க்கிழமை. குழந்தைக்கு முந்தின நாள் தடுப்பூசி போட்டிருந்ததால் இடுப்பை விட்டு இறங்காமல் சிணுங்கிக்கொண்டிருந்தாள். பகல் இரண்டு மணி இருக்கும். மில் சூப்பர்வைசர் வேலு அண்ணன் வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கக்கூட இல்லை.

"ஏனுங்க, அந்தோணி சோத்துக்கு வந்தாருங்களா?"

"இல்லீங்கண்ணா. டிபன் கட்டிக் குடுத்துட்டேனுங்களே."

"அப்ப டவுனுக்குப் போயிட்டாப்ல போல. மிக்ஸர்ல பூட்டப் போட்டுட்டு ஆளக் காணோம். ஸ்டாண்டுல வண்டியும் இல்ல. லோடுக்கு லாரி வரிசையா நிக்குது. அந்த இன்னொரு சாவியக் குடுங்க சாமி."

மாதா சுரூபத்தின் அடியில் வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கையைக்கூட நீட்டிவிட்டேன். அப்போதுதான் உறைத்தது.

"அண்ணா, வண்டிய காலையிலயே பஞ்சர் கடையில வுட்டுட்டு நடந்துதானுங்க போனாரு."

"சரி, அத எடுக்கத்தான் போயிருப்பாப்ல."

"நீங்க அவர வெளியில பாத்தீங்களாண்ணா?"

"பாத்திருந்தா நான் ஏனுங்க இங்க வாரேன்?"

கணவருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போன் லாக்கரில்தான் இருக்கும், எப்போதுமே எடுக்க மாட்டார். அதனால் அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

வேலு அண்ணன் நல்லவர். குழந்தைக்கு முதல் சட்டை எடுத்துத் தந்தவர். என் கணவருக்கு மேலே இருப்பவர். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். நான் தயங்குவது கேஸை மூடினேனா என்று பார்க்கிற அதே வியாதியாகத்தான் இருக்கும். இத்தனை நாள் செபித்தேனே, நம்பிக் கொடுத்துவிடு என்று ஆண்டவர் என்னைச் சோதிக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். "ஆண்டவரே, எது உம்முடைய சத்தம், எது என் பயம் என்று எனக்குத் தெரியவில்லை" என்று மனதுக்குள் சொன்னேன். எந்தக் குரலும் கேட்கவில்லை. சகோதரிகளே, இதைக் கூட்டிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. நீட்டிய கையை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான்.

"அவரே வந்து கேட்டாத் தாரேனுங்கண்ணா."

"நல்ல கூத்து! ஊட்டுக்காரர மில்லுல தேடறதா, ஊட்டுக்காரியக் கெஞ்சறதா? லாரிக்காரங்க கேட்டா உங்க பேரச் சொல்லிடறேன்."

வண்டி போய்விட்டது. தெருவில் ஒருவரும் இல்லை. வாசலில் நிற்க முடியவில்லை. குழந்தையின் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மில்லை நோக்கி நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டர். நிழலே இல்லாத ரோடு. லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. கணவருக்கு வேலை போய்விடும், எல்லோரும் சிரிப்பார்கள், இவரும் இனி என்னோடு பேசமாட்டார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தேன். அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். "நான் தவறாக இருந்தால் அவமானம் என்னோடு போகட்டும் ஆண்டவரே, அவர் மட்டும் நன்றாக இருக்கட்டும்." அவ்வளவு தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

கைக்குழந்தையோடு உள்ளே விடமாட்டேன் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே ஆட்கள் ஓடுவது தெரிந்தது. பிறகு என் கணவர் வந்தார். தலையிலிருந்து கால்வரை மஞ்சள் மாவு. கண்கள் மட்டும் தெரிந்தன. கேட்டுக்கு உள்பக்கமாகவே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ளதான் இருந்தேன்" என்றார்.

நடந்தது இதுதான். அவர் டிபனைச் சீக்கிரம் முடித்துவிட்டு, தளர்ந்த போல்ட்டுகளை முறுக்க மிக்ஸருக்குள் இறங்கியிருக்கிறார். மேலே நிற்க வேண்டிய ஃபிட்டர் போல்ட் எடுக்க ஸ்டோருக்குப் போய்விட்டார். பக்கத்தில் அரவை மெஷின் ஓடிய சத்தத்தில், வேலு அண்ணன் கூப்பிட்டது உள்ளே கேட்கவில்லை. சாவி கிடைக்காததால் பூட்டை வெட்டுவது என்று முடிவாயிற்று. வெட்டுவதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும். மேனேஜர் பேனாவைத் திறக்கும் முன், "ஆள் எங்கே? மிக்ஸருக்குள்ள எட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். டார்ச் அடித்தபோது என் கணவர் கீழேயிருந்து, "லைட்ட மூஞ்சியில அடிக்காதீங்கப்பா" என்றாராம்.

இதன்பிறகு என் மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. எப்படியும் சுவிட்ச் போடும் முன் பார்த்திருப்பார்கள் என்று மில்லில் பேசிக்கொண்டார்கள். அப்படியானால் இதில் ஆண்டவர் செய்தது என்ன? நான் வெறுமனே பயந்தவள்தானா? நாலு நாள் இதையே நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

ஞாயிறன்று வேலு அண்ணன் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"பாத்துட்டுத்தான் சுவிட்சப் போட்டிருப்பேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேனுங்க. உங்ககிட்ட பொய் சொல்ல வாய் வரல, அம்மிணி. சாவி கெடச்சிருந்தா நேராப் போயிப் போட்டிருப்பேன்."

அவர் அழுதார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். சேலத்திலிருந்து வந்தபின் ஒருவர் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

அடுத்த வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஃபிட்டர்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் போனேன். வாசலில் நின்று பேசவே கூச்சப்படும் நான், "அக்கா, அந்த இன்னொரு சாவிய மில்லுலயே குடுத்துருங்க" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். மற்றவர்கள் உட்காரவைத்து விசாரித்தார்கள். கடைசியில் எல்லாச் சாவிகளும் ஆபீசுக்குத் திரும்பிவிட்டன. இப்போது பூட்டியவர் வராமல் அங்கே எந்தப் பூட்டும் திறப்பதில்லை. சரசக்கா என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பிள்ளை பெற்றவர்களுக்கு இப்படிப் பயம் வருவதுண்டு, மருந்தும் உண்டு என்றார் டாக்டரம்மா. அதையும் ஆண்டவர் தந்த உதவியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பயத்தை எடுத்துவிடும் என்று கேட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமைவரை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் சிரித்த முகத்தோடு சாவியைக் கொடுத்திருப்பேன். கேட்டது கிடைக்கவில்லை என்று வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுகிற சகோதரி யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். செபத்தை விட்டுவிடாதீர்கள். பதில் சத்தமாக வராமல் போகலாம். வந்தபிறகும் அது பதில்தானா என்று உங்களுக்குச் சந்தேகமாக இருக்கலாம். எனக்கும் இருந்தது. அப்படியும் நம்புங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் கணவர் தலைமுடியிலிருந்து மாவு போகும்வரை மூன்று முறை குளித்தார். பிறகு மகளை மடியில் போட்டு, வெந்நீர் ஊற்றி அவரே குளிப்பாட்டினார். தண்ணீர் சூடு சரியாக இருக்கிறதா என்று என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நான் கையை விட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.