கோத்தகிரியா, திருச்சியா

வவுனியாப் பக்கத்து நெளுக்குளத்தில் இருந்த அத்தனை வருடத்திலும் மீனம்மா ஒரு தென்னம்பிள்ளைகூட நட்டதில்லை. மிளகாய் வைத்தாள், கத்தரி வைத்தாள், மாரிக்கு முன் பூசணி விதை போட்டாள். எல்லாம் காய்த்து முடிந்ததும் பிடுங்கிப் போடுகிற சாதி. பக்கத்துக் காணிக்காரர்கள் மாவும் பலாவும் வைத்து நிழல் கண்டுவிட்டார்கள். இவள் வளவு மட்டும் வெயிலில் காய்ந்து கிடந்தது. யாராவது கேட்டால், "நாங்க போறவங்க. எங்களுக்கு எதுக்கு மரம்?" என்பாள். போகிறவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. எந்த ஊருக்கு என்பதில்தான் அந்த வீட்டில் இரண்டு கட்சி.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அவள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் கூலிக்காரர் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். கட்டிய சேலையோடு, புருசன் பழனியாண்டியையும் மகள் கமலாட்சியையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி வவுனியாவில் வந்து இறங்கினாள். நெளுக்குளத்தில் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். ஓடுகிற ஓட்டத்தில் பழனியாண்டி வீட்டிலிருந்து ஒரு சட்டி பானைகூட எடுக்கவில்லை. நேரே தோட்டத்து முனியாண்டி சாமியிடம் போய், அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வேட்டியில் முடிந்துகொண்டு வந்தான்.

அந்தச் சாமி தோட்டத்துக்கு வந்ததே அப்படித்தான். அவனுடைய தாத்தா துறையூர்ப் பக்கமிருந்து கப்பலேறியபோது ஊர்க்கோயிலில் பிடிமண் எடுத்து வந்து தேயிலைக்கு நடுவில் வைத்துக் கும்பிட்டார். குடும்பம் போகிற இடத்துக்கெல்லாம் மண்ணும் கூடவே போகவேண்டும், ஊருக்குத் திரும்புகிற அன்றைக்குத் தாய்க்கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பழனியாண்டி குடிசைக்குப் பக்கத்து வேம்படியில் மண்ணைக் கொட்டி, மேலே ஒரு கல்லை நட்டான். சோறாக்கப் பானை இல்லாமல் அல்லாடிய மீனம்மாவுக்கு அந்தக் கல்லைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொள்ள இரண்டு நாடும் செய்த ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குப் போகிறோம் என்று தோட்டத்தில் இருந்தபோதே எழுதிக் கொடுத்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை எழுது என்றார், எழுதினார்கள். அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எண்பத்திரண்டில் கைக்கு வந்தது. அதோடு வெட்டித் திருத்திய காணிக்குப் பத்திரம் கேட்கிற வாயும் அடைபட்டது. இந்தியாக்காரனுக்கு இங்கே ஏது காணி? எந்த ஊரில் குடியேறப் போகிறீர்கள் என்று கண்டியில் இந்தியத் தூதரகக் கந்தோரில் கேட்டார்கள்; சொல்லுகிற ஊரிலேதான் வேலையும் வீடும். பழனியாண்டி யோசிக்கவே இல்லை. தாத்தாவின் துறையூர் இருக்கிற திருச்சி என்று சொல்லிவிட்டு வந்தான்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள் மீனம்மா.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? சொந்த ஊரு. சாமிய அங்கதான சேக்கணும்."

"சாமி சேந்துரும். நான் என்ன செய்யிறது அங்க? வெயிலுல எனக்குத் தல சுத்துது. எனக்குத் தெரிஞ்சது கொழுந்து ஒண்ணுதான். கோத்தகிரின்னு சொல்லுங்க."

கோத்தகிரியில் அவளுடைய தங்கச்சி அழகம்மா இருந்தாள், முன்னமே கப்பலேறிப் போனவள். "மலையும் பனியும் தேயிலையுமா நம்ம தோட்டம் மாதிரியே இருக்கு அக்கா, நெருப்பு வைக்கத்தான் ஆளில்ல" என்று அங்கே போய் வந்த ஒருத்தரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். மீனம்மா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். புல் பிடுங்க வயலுக்குப் போகிற வழியில், கொதிக்கிற மணலில் கால் வைக்கும்போதெல்லாம் கோத்தகிரியை நினைத்தாள். காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பனி ஊறிய கொழுந்தில் விரல் விறைக்க நிற்கவேண்டும். அவளுக்கு வேறு ஆசை கிடையாது. அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை.

இப்படி இழுபறியில் காலம் போனது. போகிறவர்கள்தானே என்று கூரை வேயவில்லை, கிணறு கட்டவில்லை. கமலாட்சியைப் பெண் கேட்டு வந்தவர்கள், கப்பலேறப் போகிற பெண் என்று தெரிந்ததும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள்.  அந்தப் பிள்ளை அவர்கள் குடித்த கோப்பைகளை வெகுநேரம் கழுவிக்கொண்டிருக்கும்.

அவர்கள் கூலிக்குப் போன வயல் வீரகத்தியருடையது. யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வந்தவர். அவருக்கு இவர்கள் கதை பெரிய வேடிக்கை.

"என்ன மீனம்மா, ஊர் முடிவாச்சோ?"

"இன்னும் இல்லீங்கய்யா."

"என்ர பெடியனும் லண்டனோ ஜேர்மனியோ எண்டு வீட்டில நிண்டு மல்லுக்கட்டுறான். நான் சொல்லிப்போட்டன், வழி திறந்திருக்கேக்க எங்கயாவது போய்ச் சேர் எண்டு. நீங்களும் ஏதோ ஒண்டைச் சொல்லிப்போட்டுப் போங்கோவன்."

மீனம்மா சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து மறுபடியும் சனம் வந்து குவிந்தது. ஒரு கைப்பிள்ளையோடு வந்த ராக்காயி அவர்கள் வளவின் மூலையிலேயே சாக்கால் மறைப்புக் கட்டிக்கொண்டு குந்தினாள். தெருவில் இராணுவத்து ட்ரக் ஓடத் தொடங்கியது. எண்பத்துநான்கு சித்திரையில் கப்பலுக்கு நாள் வந்தது. திருச்சிக்கு.

மீனம்மா அடுப்படியில் உட்கார்ந்தவள் எழும்பவில்லை. "நீங்களும் ஒங்க முனியாண்டியும் போங்க. நானும் புள்ளையும் இங்கனயே கெடக்கோம்."

பழனியாண்டி கெஞ்சினான், கத்தினான்.  ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கண்டிக்கு ரயிலேறினான்; திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னான்.

"கோத்தகிரின்னு மாத்திக் குடுத்துட்டேன். இந்தக் கப்பல் நமக்கு இல்ல. இனி வேற நாள் போட்டு அனுப்புவாங்களாம்."

"மண்ணு?"

"மலையில இருந்து ஒரு நாள் பஸ் ஏறிப் போயி சேத்துட்டு வாரேன். என்னா இப்ப?"

மீனம்மாவுக்குச் சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், ராக்காயிக்கும் ஒரு கோப்பை கொடுத்தாள். நினைத்ததைச் சாதித்துவிட்டாள் அல்லவா. விட்டுக்கொடுத்த மனுசன் குழம்பை ருசித்துச் சாப்பிட்டதைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அடுத்த கப்பலுக்கு ஐப்பசியில் நாள் வந்தது. குடிசையை ராக்காயிக்கு விட்டார்கள். பழனியாண்டி வேம்படிக் கல்லைப் பிடுங்கிக் குளத்தில் போட்டான். மண்ணைத் தோண்டிச் சிவப்புத் துணியில் முடிந்தான். மதவாச்சியில் ரயில் மாறித் தலைமன்னாருக்குப் போனார்கள்.

கரையில் சனம் தகரப் பெட்டிகளின் மேல் குந்தியிருந்தது. சண்டையைக் காட்டிக் கப்பல் ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்களாம்.  மறுபடி எப்போது ஓடும் என்று கேட்டுக்கொண்டு அவர்களும் சில நாள் அங்கேயே கிடந்து பார்த்தார்கள். கடல் அதுபாட்டுக்குக் கிடந்தது, கப்பல் வரவில்லை. சித்திரைக் கப்பலில் போனவர்கள் இந்நேரம் அங்கே அடுப்பு மூட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே மீனம்மா பெட்டிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பழனியாண்டி அதைச் சொல்லிக் காட்டவில்லை. வாய்க்கு வந்தபடி வைதிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

திரும்பும் வழியில் சோதனைக்கு நிறுத்திய ஆமிக்காரன் பாஸ்போர்ட்டைப் புரட்டினான். இந்தியாக்காரர் இந்தியாவுக்குப் போகாமல் ஏன் இந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று கேட்டான். 

பஸ்ஸில் அவளே பேச்சைத் தொடங்கினாள். "திருச்சிக்கே போயிருக்கலாங்க. எல்லாம் என்னாலதான்."

"திருச்சியில எனக்கு மட்டும் யாரத் தெரியும்?" என்றான் பழனியாண்டி வெளியே பார்த்தபடி. "தாத்தா சொன்ன ஊரு. கேக்கறவனுக்கு ஊருன்னு ஒண்ணச் சொல்லணும்ல. அதான் சொன்னேன்."

இரண்டு பேருமே கண்ணால் காணாத இரண்டு ஊருக்காக அத்தனை காலம் சண்டை பிடித்திருக்கிறார்கள். சிரிக்கவேண்டிய விசயம், மீனம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நெளுக்குளத்துக்கு வந்தபோது ராக்காயி வாசலில் நின்றாள். பெட்டியைக் கண்டதும் வந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தாள். அதற்குள் வளவில் ஒரு தென்னம்பிள்ளை நட்டு, மாடு கடிக்காமல் முள்ளும் கட்டியிருந்தாள். மீனம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழனியாண்டி வேம்படிக்குப் போனான். கல் இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. சிவப்பு முடிச்சைக் கையில் ஏந்தியபடி பள்ளத்தைப் பார்த்தான், பிறகு இவளைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் சாமி காரியத்தில் அவளிடம் யோசனை கேட்டது கிடையாது.

"எங்க வைக்கட்டும் மீனம்மா?"

எந்த ஊர் என்று கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லி வந்தவள் அவள்.  இப்போது இங்கேயே வையுங்கள் என்றால் இதோடு எல்லாம் முடிந்தது. கப்பல் வரும், மூடி வையுங்கள் என்று சொல்லவும் மனம் துணியவில்லை.

"கீழ வைக்காதீங்க. இப்போதைக்குக் கையிலயே வச்சிருங்க" என்றாள்.

எவ்வளவு நேரம்தான் ஒரு மனுசன் கையில் வைத்திருப்பான்? கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டான். ஐந்து வருடம் கழித்து, எண்பத்தொன்பதிலும் கப்பல் ஓடவில்லை; அது அங்கேதான் தொங்கியது.