கிளட்ச் இல்லாத வண்டியின் கியர்பாக்ஸ்

லாரியிலிருந்து மர டிரம் ஒன்றை இறக்கும்போது கயிறு அறுந்து என் காலில் விழுந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதுவரை பத்து வருஷமாக ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். கட்டைக்காலோடு திரும்பி வந்தவனை முதலாளி கேட்டில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். நான் ஓட்டிய லாரியை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போவான். எழுந்து கேட்டைத் திறந்துவிடுவதுதான் என் வேலை.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு முதலாளி மெட்ராசில் ஒரு ஏலத்தில் பழைய அமெரிக்க பிக்கப் ஒன்றை எடுத்துவந்தார். அதில் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். ஸ்டியரிங் அருகே ஒரு கம்பி. அதை இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் போதும். மற்ற டிரைவர்கள் இல்லாத கிளட்சை மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள். நான் ஏறினேன். அதை ஓட்ட வலது கால் ஒன்று போதும். லைசென்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் ஈரத் தோலை ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் போய்வந்தேன். அப்புறம் வண்டி வழுக்க ஆரம்பித்தது. எஞ்சின் கத்தும், சக்கரம் நகராது. நிறுத்திய இடத்திலெல்லாம் சிவப்பு எண்ணெய் சொட்டும். பைபாஸ் ரோட்டு மெக்கானிக் அடியில் நுழைந்து பார்த்துவிட்டு வந்தார்.

"உள்ள ரப்பர் சீலெல்லாம் போயிருக்கும். மெட்ராசுல புதுப்பேட்டையில கெடைக்கும். ஆனா எந்த கியர்பாக்ஸ்னு கேப்பாங்க."

"இந்த வண்டியோட கியர்பாக்ஸ்தான், வேற இன்னா?"

"அப்டி சொன்னா குடுக்கமாட்டான்பா."

அவர் சொன்னது சரிதான். விடிகாலை ரயிலேறி, கட்டைக்காலோடு புதுப்பேட்டைச் சந்தெல்லாம் நடந்து, அமெரிக்க வண்டிச் சாமான் வைத்திருந்த ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தேன்.

"அந்த வண்டியில சின்ன பாக்ஸும் வரும், பெரிய பாக்ஸும் வரும். ஸ்டியரிங் கம்பிகிட்ட இருக்கிற எழுத்து ரெண்டுக்கும் ஒண்ணுதான்" என்றார். "கதவோரம் நம்பர் போட்ட ஒரு தகடு இருக்குமே?"

"பெயின்ட் அடிக்கும்போது புடுங்கிட்டாங்க."

"அப்போ பாக்ஸுக்கு அடியில எண்ணெய் தேங்குற தட்டு இருக்கும் பாருங்க. அதைச் சுத்தி போல்ட் எண்ணிக்கிட்டு வாங்க. பதினொண்ணுன்னா சின்னது, பதினேழுன்னா பெரிசு."

வெறுங்கையோடு திரும்பினேன். மறுநாள் மெக்கானிக் அடியில் படுத்து, அழுக்கில் விரலால் தடவியே எண்ணி, பதினைந்து என்றார். இரண்டு தரம் எண்ணச் சொன்னேன். இரண்டு தரமும் பதினைந்து. அடுத்த வாரம் மறுபடி ரயில். பெரியவர் இல்லையென்று தலையாட்டினார்.

"பதினஞ்சுன்னு இதுல கெடையாது. எவனாவது வேற வண்டி பாக்ஸை மாட்டிட்டானோ என்னவோ. பிரிச்ச சாமானை நான் திரும்ப வாங்கமாட்டேன். தட்டோட வடிவத்தை அப்படியே வரைஞ்சு கொண்டுவாங்க."

திரும்பி வரும்போது காட்பாடிவரை நின்றே வந்தேன். கட்டைக்காலின் வார் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. ஷாப்பில் முதலாளி, "பேஜார் புடிச்ச வண்டி. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாரு. இல்லன்னா டீசல் எஞ்சினும் சாதா கியரும் போட்டுடலாம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதா கியர் என்றால் கிளட்ச். எனக்கு மறுபடியும் அந்த ஸ்டூல்தான். வீட்டில் சொன்னபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. ஸ்டூலே போதும், இனி நடக்க முடியாது என்றுதான் தோன்றியது.

என் மனைவி அப்போது ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்தாள். நாள் முழுக்க அட்டையைத் தோல்மேல் வைத்து ஓரம் பிசகாமல் வெட்டுகிற வேலை. "வரையறதுதானே? நான் வர்றேன்" என்றாள்.

ஞாயிறு காலை மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் தூக்கி, கீழே கட்டை கொடுத்தார். மண்ணெண்ணெய் நனைத்த துணியும் பழைய பிளேடும் எடுத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி அவள் அடியில் நுழைந்தாள். நானும் பக்கத்தில் படுத்து டார்ச் பிடித்தேன். வருஷக்கணக்கான மண்ணும் எண்ணெயும் இறுகிக் கிடந்தன. ஒரு முழம் சுரண்டியதும் அவள் கை நின்றது.

"இங்க ஒரு ஓட்டை கீதுங்க. போல்ட் இல்ல."

கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இரண்டிலும் போல்ட் எப்போதோ விழுந்துபோய், அழுக்கு அடைத்திருந்தது. எண்ணெய் அங்கிருந்தும் சொட்டியிருக்க வேண்டும். பதினைந்தும் இரண்டும் பதினேழு. வெளியே நின்ற மெக்கானிக்குக் கேட்கும்படி அவள் உரக்கச் சொன்னாள்.

"ஓட்டையை யாரும்மா எண்ணுவாங்க?" என்றார் அவர்.

அதோடு விடாமல் அவள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அட்டையைத் தட்டின்மேல் அழுத்தி, ஓரத்தை விரலால் நீவி, ஒவ்வொரு துளையையும் குறித்து, வெட்டியும் கொடுத்தாள். முதலாளியிடம் இன்னும் நாலு நாள் கேட்டு வாங்கினேன். திங்கட்கிழமை பெரியவர் அந்த அட்டையைத் தன் கடையிலிருந்த பழைய தட்டின்மேல் வைத்தார். இம்மி பிசகவில்லை. "யார் வெட்டினது?" என்று கேட்டார். சொன்னேன். பெரிய பாக்ஸின் சீல்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, எனக்கு டீ வரவழைத்தார்.

மெக்கானிக்குக் கியர்பாக்ஸை இறக்கி, சீல் மாற்றி ஏற்ற மூன்று நாள் பிடித்தது. ஓட்டிப் பார்க்க அவளையும் ஏற்றிக்கொண்டு நாட்றம்பள்ளிப் பக்கம் போனேன். வண்டி வழுக்கவில்லை. கியர் மாறும்போது இருக்கைக்கு அடியில் லேசாக ஒரு உதறல், அவ்வளவுதான்.

"இப்ப எத்தனாவது கியருங்க?"

"தெரியல. அதுவா போட்டுக்குது."

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு. எனக்கும் கண் எரிந்தது. மறுநாள் ஆறு மணிக்கு ராணிப்பேட்டை லோடு இருந்தது. திரும்பிவிட வேண்டிய இடத்தைத் தாண்டியும், அவள் தூங்கட்டும் என்று கொஞ்ச தூரம் நேராகவே ஓட்டினேன்.