மாதா காலடியில் நான் மாற்றி எடுத்த மாத்திரை டப்பா

என் மகள் ஜெனிபா வலி வந்தால் சத்தம் போடமாட்டாள். தலையணை ஓரத்தைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பாள். அரிவாள் செல் நோய்னு பேரு. ரத்தத்துல உள்ள அணு வளைஞ்சுபோய் அங்கங்க அடைச்சுக்கிடும். அடைச்ச இடம் உயிர் போற மாதிரி வலிக்கும். குளிர்ல வலி கூடும், அதனால கொண்டல் காத்து அடிக்கிற குளிர் மாசம் வந்தாலே எனக்குப் பயம் பிடிச்சிரும். நான் ஆறாம் வகுப்போட நின்னவ. வீட்டுக்காரங்க போன வள்ளம் கரைக்கு வரப் பத்து நிமிஷம் பிந்தினாலே கடக்கரைக்கு ஓடுறவ. பதினேழு வயசுப் பிள்ளை துடிக்கிறதைப் பார்த்துப் பார்த்து, இனி ஜெபிச்சு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்.

புன்னைக்காயல்ல எங்க தெருவுலயே இன்னொரு பிள்ளைக்கும் இதே நோய். என் ஓரகத்தி சகாயத்தோட மகள் டிலானி. எங்க வீட்டுக்காரங்க அண்ணன் தம்பி, நாங்க ரெண்டு பேரும் சொந்தத்துலயே வாக்கப்பட்டவங்க.

போன வருஷம் மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில, இந்த நோய்க்குப் புது மருந்து சோதிச்சுப் பார்க்காங்கன்னு ரெண்டு பிள்ளைகளையும் சேர்த்தோம். டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க: "பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. பார்க்க ஒண்ணுபோலவே இருக்கும். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. பழைய மருந்தை நிறுத்த மாட்டோம். வேண்டாம்னு தோணினா எப்பவும் விலகிக்கிடலாம்." அதை வீடியோவும் எடுத்தாங்க. புரிஞ்சுதான்னு மூணு தடவை கேட்டாங்க. தலையாட்டினேன். மனசுக்குப் புரியல.

ஜெனிபா டப்பாவுல நாப்பத்தொண்ணுன்னு நம்பர். டிலானிக்கு நாப்பத்தெட்டு. தினமும் வலி எவ்வளவுன்னு சைபர்லயிருந்து பத்து வரைக்கும் டைரியில நம்பர் போடணும்.

மூணு மாசத்துல ஜெனிபா ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில படுத்தாள். டிலானியோ ஒரு நாள் விடாமப் பள்ளிக்கூடம் போனாள். அவ டைரி பூரா சைபர். தண்ணிக்குழாயடியில பக்கத்து வீட்டு அக்கா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "ஏளா, ஒரிஜினல் மருந்து உன் ஓரகத்தி மகளுக்குத்தான் போல. உன் மகளுக்கு வெறும் சுண்ணாம்புதான்."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு உள்ள எரிஞ்சுது. டிலானி தெருவுல சிரிச்சுப் பேசினா எனக்குப் பொறுக்காது. அவ கன்னத்துல ரத்தம் ஊறினதைப் பார்த்தா, என் மகள்கிட்டயிருந்து எடுத்தது மாதிரி இருக்கும். விட்டுப்போன ஜெபத்தை அப்பதான் திரும்பப் பிடிச்சேன். என்ன ஜெபம்? "மாதாவே, நாப்பத்தொண்ணைப் பாரு. நாப்பத்தொண்ணை மட்டும் பாரு."

எங்க தெருவுல மாதா சுரூபம் வச்ச கெபியில ஒன்பது நாள் ஜெபம், நவநாள் நடந்துது. கடைசி நாள் சாயங்காலம் எண்ணெய், உப்பு, மருந்து எல்லாத்தையும் மாதா காலடியில வைப்போம். கோயில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரிச்சுக் கொடுப்பாரு. நானும் சகாயமும் ரெண்டு டப்பாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சோம். மந்திரிச்சு முடிஞ்சதும் நான் முந்திக்கிட்டுப் போனேன். கை தெரிஞ்சேதான் போச்சு. நாப்பத்தெட்டை எடுத்தேன். சகாயத்துக்குக் கண் சரியாத் தெரியாது. மிச்சம் இருந்ததை எடுத்து முந்தியில முடிஞ்சுக்கிட்டாள். மாதா முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கல.

மறுநாள் காலையில ஜெனிபா டப்பாவைக் கையில எடுத்தவ அப்படியே நின்னாள்.

"எம்மா, இது டிலானியோடது."

"அதனால என்ன? அதுலதான் மருந்து இருக்கு. போடு."

"அப்ப அவளுக்கு?"

நான் தண்ணிச் செம்பை நீட்டினேன். "அவளுக்கு வலி வந்தா நான் தூங்குவேனாம்மா?"ன்னு கேட்டுட்டு டப்பாவை என் கையில வச்சாள். அவ்வளவுதான்.  செருப்பு போடாம சகாயம் வீட்டுக்கு ஓடினேன். "மாதாவே, அந்தப் பிள்ளை வாயில போடுறதுக்குள்ள என்னைக் கொண்டு சேத்திரு." அந்த நோய் வந்த நாள்லயிருந்து அடுத்தவ பிள்ளைக்காக நான் கேட்ட முதல் ஜெபம் அது.

உள்ள போனா, டிலானி உள்ளங்கையில சகாயம் எடுத்துக் கொடுத்த மாத்திரை. சகாயம் சத்தம் போட்டுக்கிட்டிருந்தாள்: "வெறும் வயித்துல போடாதன்னு எத்தனை தடவை சொல்லுதேன்! மொதல்ல இட்லியைத் தின்னுளா!" அன்னைக்கு அந்த இட்லி ரூபத்துல மாதா வந்து நின்னாங்க.

அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். சகாயம் என்னை அடிப்பாள்னு நினைச்சேன். அவ தரையில உக்காந்துட்டாள்.

"என்னத்தைப் பார்த்து அக்கா பொறாமைப்பட்டிய? இவளுக்கு வலி இல்லன்னா நினைச்சிய? டைரியில சைபர் போட்டுட்டுக் குளியல் ரூம்ல போய் அழுதா. நேத்துதான் எனக்கே தெரியும். எல்லாரும் நல்லாயிட்டா நல்லாயிட்டான்னு சொல்லவும், இவளுக்கு வாயைத் திறக்க வெக்கமாப் போச்சாம்."

டிலானி மெதுவாச் சொன்னாள், "பெரியம்மா, ரெண்டு நாளா நெஞ்சு குத்துது. மூச்சு இழுக்க முடியல."

மதுரை ஆஸ்பத்திரி நர்ஸுக்கு உடனே போன் போட்டு, டப்பா மாத்தினதையும் சொன்னேன், நெஞ்சுவலியையும் சொன்னேன். "மாத்திரை எதையும் கொடுக்காதீங்க. நெஞ்சுவலியை விடக்கூடாது, இப்பவே தூத்துக்குடிக்குக் கொண்டுபோங்க"ன்னாங்க. ஆட்டோவுல டிலானி தலை என் மடியிலதான் இருந்துது. நுரையீரல்ல அடைப்பு. இன்னும் பிந்தியிருந்தா கையை மீறிப் போயிருக்கும்னு அங்க உள்ள டாக்டர் சொன்னாரு. ஒரு வாரம் ஆக்ஸிஜன் வச்சு, ரத்தம் ஏத்தி, பிள்ளை பிழைச்சு வந்தாள். நான் திருடாம இருந்தா அன்னைக்கு அந்த வீட்டுக்கு ஓடியிருக்கவே மாட்டேன். என் பாவத்தைக்கூட வீணாக்காத தாய் மாதா.

அப்புறம் மதுரையில மாத்திரைகளை எண்ணிப் பார்த்தாங்க. ரெண்டு டப்பாவுலயும் எண்ணிக்கை சரியா இருந்துது, ஒண்ணுகூட மாறி வயித்துக்குள்ள போகல. டாக்டரம்மா கோபப்படல, எழுதிக்கிட்டாங்க. டைரியில உள்ளதை உள்ளபடி எழுதணும்னு மட்டும் டிலானிகிட்டச் சொன்னாங்க. ரெண்டு பேரையும் சோதனையில தொடர விட்டாங்க.

யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரைன்னு இன்னைக்கும் தெரியாது. ஜெனிபாவுக்கு இன்னும் வலி வருது. டிலானி சிரிச்சா சில நாள் எனக்கு இன்னும் சுருக்குன்னுதான் இருக்கு, பொய் சொல்லமாட்டேன். ஆனா இப்ப தினமும் காலையில ரெண்டு பிள்ளைகளும் எங்க வீட்டுலதான் இட்லி தின்னுட்டு, ஒரே செம்புத் தண்ணியில மாத்திரை போடுதாங்க. டைரியையும் ஒண்ணா உக்காந்து எழுதுதாங்க.

என்னைப்போல எரிஞ்சுக்கிட்டிருக்கிற தாய் யாராவது இதை வாசிச்சா, மனசு சுத்தமான பிறகு போவோம்னு காத்திருக்காதிய. எரிச்சலோடயே கெபிக்குப் போங்க. யாரைப் பார்த்து எரியுதோ அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்க. நான் இப்ப ரெண்டு நம்பரையும் சொல்லித்தான் கேக்கேன். நாப்பத்தெட்டை முதல்ல சொல்லுதேன்.