பாடாத இடத்தைக் கேட்டு வாங்கிய ப்ரீஆம்ப்

ஹெட்போனைப் போட்டதும் மெல்லிய மழை பெய்தது... வெளியே நல்ல வெயில்.

வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் மூன்றாம் மாடி வீடு. படுக்கையறையில் கொடி கட்டி இரண்டு பெட்ஷீட் தொங்கவிட்டிருந்தோம். அவற்றுக்கு நடுவே நின்று என் மனைவி வசந்தி பாடிக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்கு அடியில் முழுநேரமும் அந்த மழை இரைந்தது.

பதினொரு வருடமாகிறது. வீட்டில் பாட்டுப் பதிய, கைக்கு அடக்கமான விலையில் நல்ல ப்ரீஆம்ப் எது என்று போன கிழமை ஒரு நண்பர் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்ததில் இதெல்லாம் வந்தது.

வசந்தி பம்பலப்பிட்டியில் சங்கீத ஆசிரியை. சின்ன வகுப்புகளுக்கென்று தானே மெட்டுப் போட்ட எட்டுப் பாட்டுகள் வைத்திருந்தாள். ஒன்றையும் எழுதி வைத்ததில்லை. பாடிக் காட்டியே பழக்குவாள். அந்த வருடம் கழுத்தில் தைரொயிட் கட்டி. சத்திரசிகிச்சைக்குப் பதினாறு நாள் இருந்தது. குரல் நரம்புக்குப் பக்கத்தில் வெட்டவேண்டும், குரல் மாறக்கூடும், ஆனால் வாய்ப்புக் குறைவு என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அவள் சொன்னது இவ்வளவுதான்.

“எட்டையும் பதிஞ்சு வைப்பம். பிறகு எனக்குப் பாடேலாட்டி, பிள்ளையளுக்கு எதைப் போட்டுக் காட்டுறது?”

என்னிடம் இருந்தது பேட்டிகளுக்குக் கொண்டுபோகும் மைக். விழுந்தாலும் உடையாது; ஆனால் அதிலிருந்து வரும் சிக்னல் மிகச் சன்னம். அதைக் கணினியோடு இணைக்கும் சின்னப் பெட்டியில் சத்தத்தைக் கடைசி வரை திருகினால் அந்த மழை இரைச்சலும் கூடவே ஏறியது. இரண்டுக்கும் நடுவில், சிக்னலைச் சுத்தமாகத் தூக்கித் தர ஒன்று வேண்டும். அதுதான் ப்ரீஆம்ப்.

கொட்டாஞ்சேனையில் ஜெரோம் இருந்தான். என்னோடு படித்தவன், தேவாலயத் திருநாள்களுக்கும் கலியாணங்களுக்கும் சவுண்ட் வாடகைக்கு விடுபவன். பாவித்த சாமான்களும் விற்பான். மைக்கையும் எடுத்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம்.

ஜெரோம் மேசையில் மூன்று பெட்டிகளை வைத்தான். நடுவில் இருந்தது எங்கள் வசதிக்குக் கொஞ்சம் மேல். கண்ணாடிக்குப் பின்னால், பழைய ரேடியோக்களில் இருப்பது போன்ற ஒரு வால்வுக் குமிழ் செம்மஞ்சளாக எரிந்தது.

“வெளிச்சத்தப் பாரு மச்சான். இதுல பாடினா டீச்சர் ரேடியோவுல வாற மாதிரி இருக்கும்.”

இருபது வருடச் செய்தித் தொழிலில் ஒன்று பழகியிருந்தது. உரிமை கோருபவரிடமே சாட்சி கேட்பதில்லை. வசந்தியை ஒரே வரியை மூன்று பெட்டியிலும் பாடச் சொல்லிப் பதிந்தோம். பிறகு அவளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, பெயர் சொல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜெரோமைப் போடச் சொன்னேன்.

இரண்டாவது காதில் தனியாக மின்னியது. வெளிச்சப் பெட்டி. நான் பர்ஸைத் தொட்டுவிட்டேன்.

வசந்தி திரும்பவில்லை. “ஜெரோம், ரெண்டாவதில சத்தம் கூடிப்போச்சு. அதாலதான் நல்லா இருக்கிற மாதிரித் தெரியுது. என்ர வகுப்பில பிள்ளையளும் உப்பிடித்தான், கத்திறவன்தான் நல்லாப் பாடுறான் எண்டு நினைக்குங்கள்.”

ஜெரோம் சிரித்தான். “டீச்சருக்கு முன்னால யாவாரம் பண்ண ஏலாது மச்சான்.”

மூன்றையும் ஒரே அளவுச் சத்தத்துக்குக் கொண்டுவந்து மறுபடி போட்டான். இம்முறை எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமே... எது எதுவென்றே தெரியவில்லை.

“இப்ப நான் பாடாத இடத்தைப் போடுங்கோ,” என்றாள் வசந்தி.

ஜெரோம் என்னைப் பார்த்தான். சாமான் வாங்க வந்த யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லையாம். ஒவ்வொரு பதிவிலும் அவள் பாடத் தொடங்குமுன் சும்மா நின்ற இடத்தை மட்டும் வெட்டி, சத்தத்தை ஏற்றிப் போட்டான். ஒன்றில், வீட்டில் கேட்ட அதே மழை. இரண்டில் வண்டு போல ஒரு முனகல். மூன்றில் எதுவுமில்லை. பிறகு எங்கேயோ ஒரு கரண்டி கோப்பையில் பட்டது. எதிர்த் தேத்தண்ணிக் கடை.

“இதுதான்,” என்றாள் வசந்தி.

சாம்பல் நிறம், மூடியெல்லாம் கீறல், எழுத்து அழிந்தது. மூன்றிலும் மலிவானது. ஜெரோமின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சுத்தத்துக்கு ஒரு விலை இருப்பது தெரிந்தது. மழை போய்விட்டது, அதற்குப் பதிலாக மின்விசிறி, காகம், கரையோரத் தண்டவாளத்தில் ஓடும் கோச்சி எல்லாம் வந்து சேர்ந்தன. முதல் பாட்டு கோச்சியில் அடிபட்டது. நான் ரயில் நேர அட்டவணையை எழுதிக் கதவில் ஒட்டினேன். ஆவணத்தை நம்பும் தொழில்... வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அட்டவணையை நம்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“கிழிச்சுப் போட்டுட்டு பல்கனியில நில்லுங்கோப்பா,” என்றாள்.

நின்றேன். கோச்சி கடந்ததும் கண்ணாடியில் தட்டுவேன், அவள் தொடங்குவாள். மின்விசிறி இல்லாமல், வியர்வை துடைக்கக் கழுத்தில் துவாயோடு அவள் பாட, ஆறு நாளில் எட்டுப் பாட்டும் முடிந்தன.

சத்திரசிகிச்சை நல்லபடி நடந்தது. சில கிழமைகளில் குரல் திரும்பியது. ஒரு காலை குசினியில் தனியாகப் பாடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். “மேல ரெண்டு ஸ்வரம் வரேல்லை.” பிறகு உட்கார்ந்து போஞ்சி நறுக்கினாள். அந்த இரண்டும் இன்றுவரை வரவில்லை.

இப்போது கணினியோடு இணைக்கும் சின்னப் பெட்டிகளிலேயே போதிய பலம் இருக்கிறது. பலருக்குத் தனி ப்ரீஆம்பே தேவைப்படாது. கேட்ட நண்பருக்கு: உங்கள் மைக்கைக் கொண்டுபோங்கள், சத்தத்தைச் சமப்படுத்துங்கள், விலையைப் பார்க்காமல் கேளுங்கள், பாடாத இடத்தைக் கேளுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் பணம் வெளிச்சத்துக்கு.

இரண்டு மூன்று வருடம் அந்தப் பதிவுகள் வகுப்பில் ஓடின. இப்போது அவள் போடுவதில்லை. போன மாதம் பள்ளிக்கூட விழாவுக்குப் போனபோது காரணம் புரிந்தது. மேடையில் நாற்பது பிள்ளைகள், பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பழகிய அவளுடைய மூன்றாவது பாட்டு. முன்னால் நின்று அவளும் சேர்ந்து பாடினாள். மெட்டு மேலே ஏறும் இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். நாற்பது பேரும் ஒரு பிசகும் இல்லாமல் அந்த இரண்டு ஸ்வரங்களுக்கும் ஏறினார்கள்... அவள் தாளம் போட்டபடி கீழே காத்திருந்து, அவர்கள் இறங்கி வந்ததும் சேர்ந்துகொண்டாள்.