காத்து சிஸ்டரும் ஏழாம் நம்பர் கட்டிலும்

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் காலை ஆறரை மணிக்கு அந்தக் கேள்வி கிளம்பிவிடும்.

"காத்து போச்சா?"

ஒன்றாம் நம்பர் கட்டிலில் தொடங்கி இருபத்திரண்டில் முடியும். கேட்பவள் வார்டின் தலைமை நர்ஸ். ரகசியம் பேசத் தெரியாத தொண்டை அவளுக்கு. கட்டிலில் கிடப்பவர் வக்கீலா வாட்ச்மேனா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். வயிற்றைத் திறந்து தைத்த ஆளா, கேள்வி உண்டு. சிலர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்வார்கள். சிலர் சுவரைப் பார்ப்பார்கள். அவள் விடமாட்டாள். பதில் வரும்வரை கட்டில் ஓரத்திலேயே நிற்பாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். இருபத்து மூன்று வருடமாக இதே வேலை என்றால் சொந்தப் பெயர் மிஞ்சுமா? வாசல் காவலாளியிலிருந்து பெரிய சர்ஜன் வரை எல்லோருக்கும் அவள் காத்து சிஸ்டர்தான்.

கணவருக்கு டயர் கடை. "நான் காத்து அடைக்கிறேன், இவ காத்து போச்சான்னு கேக்குறா. எங்க குடும்பமே காத்துலதான் ஓடுது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ஐம்பதாவது தடவைக்குப் பிறகு கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

கேள்வி ஏன் என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது. அன்றைக்கு மாட்டியவர் ஆறாம் நம்பர் லாரி டிரைவர். குடல்வால் வெடித்து வந்தவர். உயிர் பிழைத்த மறுநாளே பசிக்கிறது என்று ஊரைக் கூட்டினார்.

"அண்ணே, வாயில போட்டதோட சாப்பாடு முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்க. அங்கதான் ஆரம்பம். ஒரு ரொட்டித் துண்டை விழுங்காம மென்னுக்கிட்டே இருங்க, கொஞ்ச நேரத்துல இனிக்கும். எச்சில் மாவைச் சர்க்கரையா உடைக்கிற வேலையை வாயிலேயே ஆரம்பிச்சிடுது. அடுத்தது இரைப்பை. அமிலத்தை ஊத்தி, மூணு நாலு மணி நேரம் புரட்டிப் புரட்டிக் கூழாக்கும். முட்டை, கறி எல்லாம் அங்க பிரிய ஆரம்பிக்கும். அந்தக் கூழைக் கொஞ்சம் கொஞ்சமா சிறுகுடலுக்குத் தள்ளிவிடும். அங்க கணையத்துல இருந்து ஒரு நீர் வரும், கல்லீரல்ல இருந்து பித்தம் வரும். எண்ணெய்ப் பாத்திரத்துல சோப்பு என்ன பண்ணுது? அதையேதான் பித்தம் கொழுப்புக்குப் பண்ணுது."

"அப்புறம்?" என்றார் டிரைவர். பசியைக் கொஞ்சம் மறந்திருந்தார்.

அவள் கட்டில் கம்பியில் தொங்கிய டர்க்கி டவலை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

"தடவிப் பாருங்க. இழை இழையா நிக்குதா? குடலோட உள்பக்கம் இப்படித்தான் இருக்கும், இதைவிடப் பொடிசா. ஒவ்வொரு இழைக்குள்ளயும் ரத்தம் ஓடுது. உடைஞ்சு கரைஞ்ச சத்தை அதுதான் உறிஞ்சி எடுத்துக்கும். வழுவழுன்னு இருந்தா பாதி சத்து சும்மா வழிஞ்சு போயிடும். மிச்சம் மீதி பெருங்குடலுக்குப் போகும், அது தண்ணியை இழுத்துக்கும். இத்தனையையும் நகர்த்துறது குடலோட அசைவு. ஆபரேஷன்ல அதுல கை வச்சுட்டோம்ல, கோவிச்சுக்கிட்டுப் படுத்துடும். முதல்ல சிறுகுடல் எழுந்திருக்கும், அடுத்து இரைப்பை, கடைசியா பெருங்குடல். அந்தக் கடைசி ஆளு எழுந்துட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்? காத்து போனாதான் தெரியும்."

"ரோடு கிளியர் ஆகாம வண்டி எடுக்கக் கூடாதுங்கறீங்க."

"அவ்வளவுதான். பேசாம படுங்க."

இப்படிப்பட்டவளுக்குத்தான் சோதனை ஏழாம் நம்பர் கட்டிலில் வந்து படுத்தது. வந்தவர் அவளுடைய மாமனார்.

கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் தட்டச்சராக இருந்தவர். சாட்சிகள் சொல்வதை ஒரு எழுத்து பிசகாமல் அடித்தவர். வீட்டில் அவருடைய வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம். மருமகளிடம் அதுவும் நேரடியாக வராது. "குடை நனைஞ்சிருக்கு போல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அவள் குடையை விரித்துக் காயப்போடுவாள். "தண்ணி தீர்ந்துடுச்சு போல" என்பார். அவள் செம்பை நிரப்பி வைப்பாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒரே கூரையின் கீழ் இருபத்தொரு வருடம் சுவரின் தயவில் ஓடிவிட்டது. அவள் தன் வேலையைப் பற்றி சாப்பாட்டு மேசையில் பேச ஆரம்பித்தால் அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

எப்போதோ செய்த ஆபரேஷனின் உள்தழும்பு குடலை இழுத்து முறுக்கிக்கொண்டது. குடித்த தண்ணீரும் வாந்தியாக வந்தது. வயிறு வீங்கிப்போனது. டயர் கடைக்காரர் அப்பாவை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். பெரிய சர்ஜன், கறாரான அம்மா, அன்றே திறந்து, கெட்டுப்போன ஒரு சாண் குடலை வெட்டியெடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். சிறுகுடல் இருபதடி நீளம். ஒரு சாண் போனால் சத்துக்குக் குறைவு வராது. ஆனால் தையல் நன்றாகப் பிடித்து, அந்த இடத்தைத் தாண்டி எல்லாம் நகர வேண்டும். மாமனாருக்கு எழுபத்து மூன்று வயது. இதயமும் சுமார்தான்.

முதல் இரண்டு காலையும் காத்து சிஸ்டர் ஆறாம் நம்பரில் கேட்டாள், எட்டாம் நம்பரில் கேட்டாள். ஏழாம் நம்பரில் ஸ்டெதஸ்கோப்பை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்தாள். மூன்றாம் நாள் கேட்டுத்தான் ஆக வேண்டும். வார்டே கேட்கும் அந்தக் குரல் அன்று கட்டில் விளிம்பைத் தாண்டவில்லை.

"மாமா... எல்லாம்... சரியா இருக்கா?"

அவர் உத்தரத்தைப் பார்த்தார். மருமகள் என்ன கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும். இன்னும் விளக்கமாகக் கேட்டுவிடுவாளோ என்ற பயமும் இருந்தது.

"ஆச்சு."

"ஆச்சா?"

"ஆச்சுன்னா ஆச்சு."

அவள் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று. எங்கோ தூரத்தில் ஒரு சின்னச் சொடக்கு. மற்றபடி நிசப்தம். வேறு யாராவது என்றால், "யாருகிட்ட கதை விடுறீங்க?" என்று போர்வையை உதறியிருப்பாள். மாமனாரைப் பொய்யர் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. சீட்டில் எழுதினாள்: காற்று பிரிந்தது. கையெழுத்தும் போட்டாள்.

இரைப்பை நீரை வெளியே இழுக்க மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயைப் பத்து மணிக்கு எடுத்தார்கள். வடிகட்டிய சூப் கொடுத்தார்கள். பன்னிரண்டுக்குப் பால். மூன்று மணிக்கு அத்தனையும் வந்த வழியே திரும்பியது. வயிறு மத்தளமாக உப்பியது. மூக்கில் குழாயை மறுபடி செருகும்போது அவர் அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்தது யார் கை என்று பார்க்கவில்லை போலும்.

சர்ஜன் சீட்டைப் புரட்டினார்.

"காத்து போச்சுன்னு யார் எழுதினது?"

"நான்தான் டாக்டர்."

"நீங்களா?" அந்த ஒரு வார்த்தைக்கு மேல் சர்ஜன் எதுவும் கேட்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. "நாளை மறுநாள் மதியம் வரைக்கும் பாக்கலாம். அசையலைன்னா தையல் இடத்துல ஏதோ கோளாறுன்னு அர்த்தம். திரும்பவும் திறக்கணும். அவர் இதயம் இன்னொரு தடவை தாங்குமான்னு என்னால உத்தரவாதம் தர முடியாது."

அவள் கைகழுவும் தொட்டி முன்னால் போய் நின்றாள். பயம். அதைவிடக் கோபம், அவர்மேல் பாதி, தன்மேல் மீதி. இருபத்து மூன்று வருடத்தில் ஒரே ஒரு பொய்யை எழுதியிருக்கிறாள், அதுவும் வீட்டு ஆளின் உயிரில். முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக ஏழாம் நம்பருக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, காலைல நீங்க சொன்னது பொய்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். அவள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

"பொய்யின்னு தெரிஞ்சேதான் நான் எழுதினேன். அதனால தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்கு. கோர்ட்டுல எத்தனை பேர் சொன்னதை அடிச்சிருப்பீங்க. வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு சாட்சி மாத்திச் சொன்னா என்ன ஆகும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

ஆறாம் நம்பரிலிருந்து குரல் வந்தது. "நானும் பக்கத்துலயேதான் இருக்கேன் பெரியவரே. ஒரு சத்தமும் வரல."

"அண்ணே, நீங்க சும்மா இருங்க."

அவர் குழாய்க்கு நடுவே மெல்லக் கேட்டார். "எனக்கு என்ன ஆயிருக்கு?"

நேரடியாக, அவளிடம். அவள் டவலை எடுத்தாள். எது எங்கே உடைகிறது, எங்கே உறிஞ்சப்படுகிறது, தையல் எந்த இடத்தில், அது நகராவிட்டால் குடித்த பால் ஏன் ரத்தத்துக்குப் போய்ச் சேராது என்று எல்லாவற்றையும் சொன்னாள். எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போக அவர் கையில் தட்டு இல்லை. முழுவதையும் கேட்டார். டவலைத் தடவியும் பார்த்தார்.

"நடந்தா எழுந்திருக்குமா?"

"நடந்தா சீக்கிரம் எழுந்திருக்கும்."

"அப்ப வா, நடக்கலாம்."

குளுக்கோஸ் ஸ்டாண்டை ஒரு கையால் உருட்டிக்கொண்டு, மறுகையால் வயிற்றுத் தையலைத் தாங்கிக்கொண்டு அவர் நடைபாதையில் இறங்கினார். அன்று நான்கு சுற்று. மறுநாள் பன்னிரண்டு. சர்ஜன் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். மெல்லுவதைப் பார்த்து சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து வேலையைத் தொடங்குமாம். வாழ்நாளில் சூயிங்கத்தைக் கையால் தொடாத மனிதர், மூக்கில் குழாயும் வாயில் மெல்லலுமாக நடைபாதையில் போனார். மகன் பார்க்க வந்து, அப்பாவை அந்தக் கோலத்தில் கண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

ஐந்தாம் நாள் காலை ஆறரை. ஆறாம் நம்பரை முடித்துவிட்டு அவள் ஏழின் முன் நின்றாள். வார்டே கேட்கும் குரலில் கேட்டாள்.

"மாமா, காத்து போச்சா?"

"இல்ல."

அவரும் வார்டுக்கே கேட்கும்படிதான் சொன்னார். அவள் எழுதினாள்: இல்லை. மதியத்துக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம் இருந்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வந்து, ஏழாம் நம்பரைத் தயார் செய்யலாமா என்று கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றாள். அவர் எழுந்து ஸ்டாண்டைப் பிடித்தார். அவளும் கூடவே போனாள்.

ஏழு சுற்று, எட்டு சுற்று. ஒன்பதாவது சுற்றில், புற நோயாளிகள் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் இடத்தருகே அவர் சட்டென்று நின்றுவிட்டார். சுவரில் கையை ஊன்றினார். முகம் கோணியது. வலியோ, தையல் விட்டுவிட்டதோ என்று அவள் பதறி அவருடைய தோளைப் பிடித்தாள்.

வலி இல்லை. வந்தது நீளமாக வந்தது, தாராளமாகவும் வந்தது. வரிசையில் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். ஒருவர் மூக்கைத் துடைக்கிற மாதிரி கர்ச்சீப்பை எடுத்தார். தட்டச்சர் யாரையும் லட்சியம் செய்யவில்லை. தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எழுதிக்கோ. பதினொன்னு பத்து."

"இருங்க மாமா. இந்தத் தடவை உங்க வார்த்தையை மட்டும் நம்ப மாட்டேன்."

அங்கேயே, அத்தனை பேர் நடுவில், அவருடைய சட்டையை விலக்கி ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடினாள். கடகடவென்று உருண்டது. நின்றது. மறுபடி உருண்டது. இருபத்து மூன்று வருடத்தில் எத்தனையோ வயிறுகளைக் கேட்டவள், இந்த ஒரு வயிற்றின் சத்தத்துக்கு அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் குளுக்கோஸ் ஸ்டாண்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தியேட்டருக்குப் போன் செய்யப் போனாள்.

மறுநாள் குழாயை எடுத்தார்கள். அரைக் கிண்ணம் சூப் வந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டினாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"அன்னைக்குப் பொய்யின்னு உனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுது."

"மத்தவங்களைத் திட்டுற. ஆறாம் நம்பர்காரனைத் தினமும் திட்டுற. என்னை ஏன் திட்டல?"

"நீங்க மாமாவாச்சே."

அவர் கிண்ணத்தில் இருந்த ஸ்பூனை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இனிமே திட்டு" என்றார். சொல்லிவிட்டு, இதோடு பேச்சு முடிந்தது என்பதுபோல் கிண்ணத்தைத் தூக்கி மடக்மடக்கென்று குடிக்க ஆரம்பித்தார்.

"மெதுவா குடிங்க மாமா, யாரும் பிடுங்கிட்டுப் போகப் போறதில்ல" என்று அவள் போட்ட அதட்டலில் மற்ற இருபத்தொரு கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். தட்டச்சர் கிண்ணத்தைக் கீழே இறக்கி, ஸ்பூனைக் கையில் எடுத்தார்.