நடுப்பெட்டி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, இது என் வீட்டில் பட்டப்பகலில் நடந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நெட்வொர்க்கிங் படித்துக்கொண்டிருந்தேன். விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு வேலைக்குப் போன என் அண்ணன் சங்கர்தான் பழைய ரவுட்டர் மூன்று வாங்கித் தந்தான். ஊருக்கு ஊர் இருக்கும் ஆபீஸ்களை இணைப்பதுபோல, மூன்றையும் கேபிளில் வரிசையாகக் கோத்து வீட்டுக்குள்ளேயே பழகுவேன். நடுப்பெட்டிக்கு அண்ணன் பெயர் வைத்திருந்தேன். அது அணைந்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பேச்சே கிடையாது.

அந்த சீசனில் ஆர்டரை முடிக்கவேண்டுமென்று போர்மேன் உச்சிவெயிலில் மருந்து கலக்கச் சொன்னார். சூட்டில் மருந்து வெடித்தது, அண்ணன் வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அந்த ஆளே வந்து அம்மா எதிரில் உட்கார்ந்தார். நான் ஆத்திரத்தை அடக்க ரவுட்டர்களைப் போட்டு, கோடிக்குக் கோடி சோதனைச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"சங்கரு உள்ள பீடி பத்த வச்சான்னு விசாரணைல சொல்லிருங்க. ஒங்க மகளும் நம்ம கம்பெனிக்குத்தான வாரா?" என்று அங்கே வேலைக்குப் போகும் என் அக்காவையும் இழுத்தார்.

அண்ணன் பீடியைத் தொட்டதே இல்லை. இதில் செல்போனுக்கு சார்ஜ் போட வேண்டுமாம், பேசிக்கொண்டே நடுப்பெட்டியின் பிளக்கை உருவினார் பாருங்கள், எனக்கு வயிறு எரிந்தது.

"அதத் தொடாதீக!" என்று கத்திவிட்டுத் திரையைப் பார்த்தேன். பதில் வந்தால் ஆச்சரியக்குறி விழும், வராவிட்டால் புள்ளி. ஆச்சரியக்குறியாகவே விழுந்துகொண்டிருந்தது. பிளக் அவர் கையில் தொங்குகிறது, பெட்டிக்குள் விசிறி ஓடுகிறது, வீடு முழுக்க மருந்து நெடி.

"வந்துட்டியாய்யா?" என்றாள் அம்மா, பெட்டியைப் பார்த்து.

போர்மேன் பிளக்கைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார். மருந்து அறையில் வேலை செய்கிறவர்கள் கையில் வெள்ளியாக மினுங்குமே, அதே அலுமினியப் பவுடர். வேட்டியில் தேய்தேய் என்று தேய்த்தார், போகவில்லை.

"எம் மகனுக்கும் இப்படித்தான் போகாது. நல்லாத் தேயிங்க" என்றாள் அம்மா.

விசாரணையில் உச்சிவெயிலில் கலக்கச் சொன்னது தான்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்படியும் கை வெளுக்கவில்லை. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிடுகிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு குளிர்ந்துபோகும், பொய் சொல்ல மாட்டேன்.

நடுப்பெட்டி பரணில் கிடக்கிறது, வயர்கூட இல்லை. ஆனால் தொட்டால் இன்னமும் சுடுகிறது. 'போதும்ணே' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆறிவிடுமோ என்னவோ. சொல்லத்தான் எனக்கு மனசு வரவில்லை.